பட்டம் வாங்கிய பிறகு – 14: பயோடேட்டாவில் இல்லாத இரண்டு வருஷம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் அலுவலகங்களில் சேரும்போது ஒரு படிவம் தருவார்கள். பெயர், அப்பா பெயர், ஆதார், வங்கிக் கணக்கு, கல்வித் தகுதி. பி.இ. முடித்துவிட்டு வந்த பையன்கள் அந்தக் கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் தயங்குவார்கள். ஆறு மாதம் முன்னால் வந்து சேர்ந்த ஊர்க்காரன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பான்: “பி.இ.ன்னு போடாதடா. பிளஸ் டூன்னு போடு. இல்லாட்டி எடுக்க மாட்டாங்க.”

அவன் சொல்வது சரிதான். லைனில் நிற்க ஆலைகள் விரும்புவது ஐ.டி.ஐ., டிப்ளமோ, பிளஸ் டூ படித்தவர்களை. பட்டதாரி என்றால் மூன்று மாதத்தில் ஓடிவிடுவான், பரீட்சை இருக்கிறது என்று லீவு கேட்பான், சட்டம் பேசுவான் என்று ஒரு பயம். ஆகவே நான்கு வருஷப் படிப்பு அந்தப் படிவத்தில் காணாமல் போகிறது.

இரண்டு வருஷம் கழித்து அதே பையன் கிண்டிக்கோ அம்பத்தூருக்கோ இன்டர்வியூ போகிறான். இந்த முறை பயோடேட்டாவில் பி.இ. பளிச்சென்று இருக்கிறது. காணாமல் போயிருப்பது அந்த இரண்டு வருஷம். 2021-இல் தேர்ச்சி, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. “ரெண்டு வருஷமா என்ன பண்ணீங்க?” என்று கேட்டால், “அப்பாவுக்கு உடம்பு முடியல சார்” என்பான். இல்லாவிட்டால், “குரூப் எக்ஸாமுக்குப் படிச்சேன் சார்.” மனிதவள அதிகாரிகள் இந்த இரண்டு பதில்களையும் தினமும் கேட்கிறார்கள். ஊரில் இத்தனை அப்பாக்கள் ஒரே சமயத்தில் படுத்திருக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

போன வாரம் அரியர் தாளோடும் கல்லூரி அலுவலகத்தில் சிக்கிய சான்றிதழ்களோடும் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம், பட்டத்துக்கும் முதல் பட்டதாரி வேலைக்கும் நடுவில் கிடக்கும் கூலி வருஷங்கள். கூலிக்குப் போகையில் படிப்பை மறைத்தவன், படிப்புக்கேற்ற வேலை தேடுகையில் கூலியை மறைக்கிறான். இரண்டாவது மறைப்பில் நஷ்டம்தான் அதிகம் என்பது என் கட்சி. அதற்காக மறைக்கிறவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காரணங்கள் இருக்கின்றன, ஒன்றிரண்டு அரசாங்கம் போட்ட விதிகளிலேயே இருக்கின்றன.

முதலில் காசு விஷயம். 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாடு முழுவதற்கும் 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். அதற்குப் பின்னால் ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று வருவாய்த் துறையில் சான்று வாங்கினால், கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2010-இல் வந்த திட்டம். ஆனால் அந்தச் சான்றின் வேலை கல்லூரியோடு முடிந்துவிடுகிறது. முதல் தலைமுறைக்காரன் முதல் வேலையில் உட்காரும்வரை ஆகிற செலவை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் பட்டதாரிக்கு அரசு உதவித்தொகை உண்டு என்பார்கள். உண்டு, மாதம் 600 ரூபாய். அதுவும் பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும். சைட்டில் கையாளாக நின்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் தேறிவிடுகிற தொகை.

விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து சென்ட்ரிங், கம்பி கட்டும் வேலைக்குச் சென்னை வருகிற ஒரு பட்டதாரிக்கு நாளைக்கு 800, 900 கிடைக்கிறது. கை பழகிவிட்டால் ஆயிரத்தைத் தாண்டும். மாதம் 22 நாள் வேலை இருந்தால் 20,000 பக்கம் வரும். தங்குவது சைட்டிலேயே தகரக் கொட்டகையில், வாடகை கிடையாது. அவன் படிப்புக்கு என்று வருகிற முதல் வேலை 12,000 அல்லது 15,000. அதிலிருந்து தாம்பரத்திலோ பெருங்குடியிலோ ஒரு அறையில் பங்குக்கும் சாப்பாட்டுக்கும் பாதிக்கு மேல் போய்விடும்.

தொகையைவிட மோசமானது கிழமை. கூலி சனிக்கிழமை மாலை கைக்கு வந்துவிடும். சம்பளம் மாதம் முடிந்த பிறகு. மாத நடுவில் சேர்ந்தால் சில இடங்களில் அடுத்த மாதத்தோடு சேர்த்துத்தான். வீட்டிலோ அம்மாவின் குழுக் கடனுக்கு வாரம் தவறாமல் தவணை கட்ட வேண்டும். தவணைக்காரர் காலை ஏழு மணிக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். வாரக் கணக்கில் ஓடுகிற குடும்பம் மாதக் கணக்குக்கு மாறும்போது நடுவில் ஆறேழு வாரம் வெறுமையாக நிற்கிறது. ஆர்டர் கையில் வந்த பிறகும் திங்கட்கிழமை சைட்டுக்கே திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். “படிச்ச புள்ள, வசதியான வேலைய உட்டுட்டு மறுபடி மம்மட்டி பிடிக்கப் போயிட்டான்” என்று ஊரில் பேசுவார்கள். பேசுகிறவர்கள் யாரும் அந்த ஆறு வாரத் தவணையைக் கட்ட வரமாட்டார்கள்.

இன்டர்வியூவுக்கே காசு வேண்டும். ஊரில் இருப்பவன் பத்து மணிக்கு அம்பத்தூரில் இருக்க வேண்டுமென்றால் விடியற்காலை கிளம்பி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, அப்புறம் ஷேர் ஆட்டோ. ஒரு நாள் கூலி போயிற்று, பஸ் காசும் சாப்பாடும் சேர்ந்தால் 1,500-ஐத் தொடும். “அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிடுறோம்” என்று அனுப்பிவிட்டால் இன்னொரு 1,500. பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் முதலில் ஆங்கிலம் கற்றுக்கொள், எக்செல் கற்றுக்கொள் என்கிறார்கள். கேட்டால் நான் சொல்வது வேறு: முதலில் இரண்டு மாதத் தவணைக் காசைச் சீட்டுப் போட்டுச் சேர்த்து வை, அப்புறம் எக்செல்.

இனி மறைப்பு விஷயம். ஆலையில் கான்ட்ராக்ட் ஆளாக வேலை பார்த்தவனுக்கு ஒரு சாட்சி இருக்கிறது; பல பேர் அதைச் சாட்சி என்று நினைப்பதில்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் சேமநல நிதி கட்டாயம். 2014-இலிருந்து ஒவ்வொருவருக்கும் 12 இலக்கத்தில் ஒரே யு.ஏ.என். எண், எத்தனை இடம் மாறினாலும் அதே எண் தொடரும். ஆதாரோடும் இணைத்தாயிற்று. ‘பிரெஷர்’ என்று எழுதிக்கொடுத்துப் புது வேலையில் சேருகிறான். அலுவலகத்தில் அவன் ஆதாரைப் போட்டுப் புது எண் எடுக்கப் பார்த்தால், உங்களுக்குத்தான் ஏற்கெனவே எண் இருக்கிறதே என்று திரை சொல்கிறது. எந்த மாதம் சேர்ந்தான், எந்த மாதம் விலகினான், எந்தக் கான்ட்ராக்டர் பெயரில் கட்டினார்கள், எல்லாம் இருக்கிறது. கௌரவமாக உழைத்த வருஷம் அங்கே பொய்யாகத் தெரிகிறது. சேர்ந்த முதல் வாரத்திலேயே விளக்கக் கடிதம் எழுத வேண்டி வருகிறது.

அதையே முன்கூட்டிச் சொல்லியிருந்தால் கதை வேறு. கான்ட்ராக்டர்கள் அனுபவச் சான்று தருவது அபூர்வம். கேட்டால் “அதெல்லாம் கம்பெனிலதான் கேக்கணும்” என்பார், கம்பெனியில் கேட்டால் “நீங்க எங்க ஆளே இல்லையே” என்பார்கள். அந்த இடத்தில் பி.எஃப். பாஸ்புக்கின் அச்சு ஒன்றே போதும். மாதம் மாதம் நிதி கட்டியிருக்கிறது என்றால் மாதம் மாதம் வேலைக்கு வந்திருக்கிறான் என்று அர்த்தம். முதல் வேலைக்கு ஆள் எடுக்கிறவர் பயப்படுவது பையன் நிலைத்து நிற்பானா என்றுதான். நைட் ஷிஃப்ட்டில் 18 மாதம் நின்றவனிடம் அதற்குப் பதில் இருக்கிறது. அவன் அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு அப்பாவின் உடம்பைப் பற்றிப் பேசுகிறான்.

கட்டடத் தொழிலாளிக்கு இந்த வசதியும் இல்லை. 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் 18 வயது முடிந்த, 60 ஆகாத தொழிலாளி யாரும் பதியலாம். பட்டதாரிப் பையன்கள் பதிவதில்லை. இன்றைக்குப் போட்டுவிட்டு நாளைக்கு விடப்போகிற வேலைதானே என்ற நினைப்பு. இதில் ஒரு வேடிக்கை: அவர்களில் பலருடைய கல்லூரிச் செலவில் ஒரு பங்கு, அப்பாவின் வாரிய அட்டைக்குக் கிடைத்த கல்வி உதவித்தொகைதான்.

எல்லா இடத்திலும் உள்ளதைச் சொன்னால் நல்லதே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. தொழிற்பழகுநர் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1961 தொழிற்பழகுநர் சட்டத்தில் பொறியியல் பட்டதாரிகளை 1973-இல் சேர்த்தார்கள். 2014 திருத்தத்தில் பி.ஏ., பி.காம். படித்தவர்களுக்கும் இடம் வந்தது. 2019-இல் திருத்திய விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000. தென்மாநிலங்களுக்கான பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. நெய்வேலி என்.எல்.சி. போன்ற இடங்களில் ஒரு வருஷம் பழகுநராக இருந்த சான்று, அடுத்த வேலைக்கு நல்ல கைப்பிடி. ஆனால் அறிவிப்பின் கீழே ஒரு வரி இருக்கும்: ஒரு வருஷமோ அதற்கு மேலோ பணி அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது. ஏற்கெனவே தொழில் பழகியவனுக்கு எதற்குப் பழகுநர் இடம் என்று யோசித்துப் போட்ட நிபந்தனையாக இருக்க வேண்டும். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஆலையில் பெட்டி ஒட்டியவனும் அதே வரியில் மாட்டிக்கொள்கிறான். பெட்டி ஒட்டியது எந்தத் தொழிலின் அனுபவம் என்று விதி எழுதியவர்கள் சொல்லவில்லை. ஆகவே இந்த வழியை யோசிப்பவர்கள் படிப்பு முடிந்த கையோடு யோசிப்பது நல்லது. கூலியில் ஒரு வருஷம் கடந்துவிட்டால் இந்தக் கதவு இருப்பதாக நினைக்க வேண்டாம்.

அரசுத் தேர்வு பற்றி இந்தத் தொடரில் நிறைய எழுதியாகிவிட்டது, இங்கே சுருக்கமாக. 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சம் பேர். கேட்கும் தகுதி பத்தாம் வகுப்பு. வேலை நிரந்தரம் என்பதுதான் இந்த ஆசைக்குக் காரணம் என்பார்கள். எனக்கு இன்னொரு காரணமும் தெரிகிறது. அந்தத் தேர்வுக் கூடத்தில் யாரும் “ரெண்டு வருஷமா என்ன பண்ணீங்க?” என்று கேட்பதில்லை. 200 கேள்வி, அவ்வளவுதான். சைட்டில் நின்றவனும் வீட்டில் உட்கார்ந்து படித்தவனும் அங்கே ஒன்று. தனியார் இன்டர்வியூவில் கூனிக்குறுகி வெளியே வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

2019 நவம்பரில் கோவை மாநகராட்சியில் 549 தூய்மைப் பணியாளர் இடங்களுக்குச் சுமார் 7,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் பொறியியல் படித்தவர்களும் இருந்தார்கள். தேசம் முழுக்க அது அதிசயச் செய்தியாக ஓடியது. அவர்களில் சிலர் ஏற்கெனவே வருஷக்கணக்கில் ஒப்பந்தத் தூய்மைப் பணியில் இருந்தவர்கள், நிரந்தரம் கேட்டு வந்தார்கள் என்பது செய்தியின் கடைசிப் பத்தியில் இருந்தது. கடைசிப் பத்தியை யார் படிக்கிறார்கள்?

சரி, சொன்னால் என்ன ஆகும்? சிவில் படித்த ஒருவர் எனக்குத் தெரிந்தவர். திண்டிவனம் பக்கம். கொரோனா முடிந்த சமயத்தில் பட்டம் வாங்கி, வேலை இல்லாமல், சித்தப்பாவோடு கம்பி கட்டப் போனார். ஏறக்குறைய இரண்டு வருஷம். முதலில் எல்லாரையும்போல் மறைத்துத்தான் விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். ஒரு நடுத்தரக் கட்டுமான நிறுவனத்துக்கு அனுப்பிய பயோடேட்டாவில் மட்டும், ஏதோ ஒரு அலுப்பில், உள்ளதை எழுதிவிட்டார். கூப்பிட்டார்கள். உட்கார்ந்திருந்தவர் மனிதவள அதிகாரி இல்லை; தலை நரைத்த ஒரு புராஜெக்ட் மேனேஜர்.

“கம்பி கட்டினீங்களா? 12 எம்.எம். கம்பி ஒரு முழு நீளம் என்ன எடை?”

“பத்தே முக்கால் கிலோ பக்கம் வரும் சார்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“விட்டத்த வர்க்கப்படுத்தி 162-ஆல வகுத்தா மீட்டருக்கு 0.89 கிலோ சார், 12 மீட்டருக்குக் கணக்குப் போட்டா அதுதான். கணக்கு இல்லாட்டியும் தோள்ல வச்சா தெரியும்.”

அப்புறம் ரிங் கொக்கி பற்றிக் கேட்டிருக்கிறார். நிலநடுக்கத்தைத் தாங்க வேண்டிய கட்டடத்தில் தூணுக்குப் போடும் ரிங்கின் முனையை 135 டிகிரி உள்ளே மடக்க வேண்டும் என்று எந்த மாணவனும் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவான். இவர் சேர்த்துச் சொன்னது: “சைட்ல 90 டிகிரியோட விட்டுடுவாங்க சார். 135 மடக்கினா கம்பி நெருக்கமா இருக்கற இடத்துல ரிங்கு உள்ள ஏறாது, நேரம் இழுக்கும். சூப்பர்வைசர் பாக்கற பக்கம் மட்டும் சரியா மடக்கி வைப்பாங்க.”

அடுத்தது முட்டு. தளத்துக்கு முட்டை எப்போது பிரிப்பீர்கள்? இந்தியத் தர நிர்ணயத்தின் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 சொல்வது இது: சாதாரண சிமென்ட், ரொம்பக் குளிரில்லாத நாள் என்றால், தளத்தின் தாங்கல் இடைவெளி 4.5 மீட்டருக்குள் இருந்தால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். உத்தரத்துக்கு 6 மீட்டர்வரை 14 நாள், மேலே போனால் 21. இவர் அத்தனையும் சொல்லிவிட்டு, “ஆனா அடுத்த சைட்டுக்குப் பலக வேணும்னு மேஸ்திரி அஞ்சாம் நாளே வந்து நிப்பாரு சார்” என்றிருக்கிறார்.

மேனேஜர் சிரித்துவிட்டாராம். “அப்ப என்ன பண்ணுவீங்க?”

“தேதிய சாக்பீஸ்ல தூண்லயே எழுதி வச்சிடுவேன் சார். அழிச்சா யாரு அழிச்சாங்கன்னு தெரிஞ்சிடும்.”

வேலை கிடைத்தது. சைட் இன்ஜினியர் டிரெய்னி, 16,000. கம்பி கட்டியபோது வாங்கியதைவிடக் குறைவு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அதே பயோடேட்டாவை அனுப்பிய வேறு இடங்களிலிருந்து அவருக்குப் பதிலே வரவில்லை. ஓரிடத்தில் வரவேற்பறையிலேயே ஒரு பெண் அதிகாரி அந்த வரியைச் சுட்டிக்காட்டி, “இத எடுத்துடுங்க தம்பி, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றாராம். நல்ல மனசோடுதான் சொன்னார் என்று அவரே சொல்கிறார். தளத்தில் நின்றவரிடம் பேசியதால் அந்த வரிக்கு மதிப்புக் கிடைத்தது. மேசையிலேயே இருந்தவர்களுக்கு அது கறையாகத் தெரிந்தது. ஆகவே எங்கே அனுப்புகிறோம் என்பதும் முக்கியம். வேலைத்தளத்தை நடத்துகிறவரே ஆள் எடுக்கிற சின்ன, நடுத்தர நிறுவனங்கள் இவர்களுக்கு நல்லவை. கணினியே பயோடேட்டாவை வடிகட்டும் பெரிய நிறுவனங்களில் கூலி வருஷத்துக்குக் கட்டமே இருக்காது.

சிவில் படித்தவன் கட்டடத்தில் நின்றான், பொருந்திவிட்டது, பி.காம். படித்துவிட்டு மூட்டை தூக்கியவன் என்ன எழுதுவான் என்று கேட்பீர்கள். சேலத்தில் ஒரு பார்சல் அலுவலகத்தில் லோடுமேனாக இருந்தவர் கதையைச் சொல்கிறேன். அவர் பட்டதாரி என்பது அங்கே யாருக்கும் தெரியாது. ஒருநாள் பெங்களூரு போகிற லாரி தொப்பூர் தாண்டி பழுதாகி நின்றுவிட்டது. சரக்கை வேறு லாரிக்கு மாற்ற வேண்டும். புக்கிங் கிளார்க் லீவு. முதலாளி போனில் கத்திக்கொண்டிருக்கிறார். சரக்கை மாற்றினால் போதாது. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்டினால் இ-வே பில் வேண்டும், அதில் வண்டி எண் பழைய லாரியுடையது. மாற்றாமல் போனால் சோதனையில் பிடித்து அபராதம் போடுவார்கள்.

“பார்ட் பி-ல வண்டி நம்பர மாத்தினா போதும்ணே. புது பில்லு வேணாம்” என்று மூட்டைக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“டேய், உனக்கு எப்படிடா தெரியும்?”

“பி.காம்.ணே.”

முதலாளி அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். இரண்டு மாதத்தில் கிளார்க் வேலை. சம்பளம் 13,000. மூட்டைக் கணக்கில் அவர் மாதம் எடுத்துக்கொண்டிருந்தது அதைவிட அதிகம், அதுவும் தினப் பங்காக. வீட்டில் தங்கச்சியின் நர்சிங் படிப்பு, நகைக்கடன். அவர் தயங்கியதைப் பார்த்து லோடுமேன்கள் தங்களுக்குள் பேசினார்கள். கணக்குப்பிள்ளை ஆனவனுக்கு இனிப் பங்கு உண்டா என்று பெரிய விவாதம். “நாற்காலில உக்காந்தவனுக்கு என்னத்துக்குப் பங்கு?” என்றார் ஒருவர். கடைசியில் செட்டின் மூத்தவர் முடிவு சொன்னார்: ராத்திரி வருகிற லோடு மட்டும் மூன்று மாதத்துக்கு அவன் இறக்கலாம், அந்தப் பங்கு அவனுக்கு உண்டு, அதற்குள் சமாளித்துக்கொள்ள வேண்டும். பகலில் பில் போட்டுவிட்டு ராத்திரி சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு இறக்கப் போவாராம். ஆறு வார வெறுமை என்று மேலே சொன்னேனே, அதை இங்கே எட்டாவது தாண்டாதவர்கள் சேர்ந்து நிரப்பிக் கொடுத்தார்கள்.

ஒரு வருஷம் கழித்து அவர் ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தார். பயோடேட்டாவை டைப் செய்த கடைக்காரர், “லோடுமேன்னு போட வேணாம் சார், லாஜிஸ்டிக்ஸ் அசிஸ்டென்ட்னு போட்டுடலாம்” என்றிருக்கிறார். இவர் ஒப்பவில்லை. லோடுமேன், இரண்டு வருஷம், புக்கிங் கிளார்க், ஒரு வருஷம், அப்படியே போனது. ஆடிட்டர் முதல் கேள்வியாக, தமிழ்நாட்டுக்குள்ளேயே போகிற சரக்குக்கு இ-வே பில் எத்தனை ரூபாய்க்கு மேல் என்று கேட்டார். ஒரு லட்சம் என்றார் இவர். இரண்டாவது கேள்வி, எப்போது சேர முடியும் என்பது. ஒரு மாதம் தவணை வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். ராத்திரி லோடுக்கு இன்னொரு ஆளைப் பழக்கிவிட்டு வர வேண்டுமாம்.

(தொடரும்)